நிவாரணம் அறிவிக்கும் முன்பே முடித்துவைக்க வேண்டிய வேலைகள்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். கொரோனாவுக்காக நள்ளிரவில் நாடு மூடிக்கொண்டது. அரிசி வாங்கும் ரேஷன் அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய் என்று தமிழ்நாட்டு அரசு அன்றே அறிவித்திருந்தது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் அவரவர் தொழிலுக்கான அரசு நல வாரியம் வழியாகத் தனியாக 1,000 ரூபாயும், 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெயும் உண்டு என்றார்கள். மார்ச் 26 அன்று மத்திய அரசு 1.70 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. கேட்பதற்கு எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும் போலத்தான் இருந்தது.

எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு சித்தாள்கள் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மேஸ்திரியிடம் வேலை, ஒரே கூலி. ஒருவர் வாரியத்தில் பதிவு செய்தவர், அவருக்குப் பணம் வந்தது. இன்னொருவரும் பதிவு செய்தவர்தான். ஆனால் பதிவு செய்தபோது கொடுத்த வங்கிக் கணக்கு வருடக்கணக்காகப் பயன்பாட்டில் இல்லாமல் முடங்கிக் கிடந்தது. பணம் போன வேகத்தில் திரும்பிவிட்டது. கணக்கைச் சரிசெய்யலாம் என்றால் வங்கி வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள், பஸ் ஓடவில்லை, இ-சேவை மையம் பூட்டியிருந்தது.

பேரிடர் நேரத்தில் அரசு புதிதாக யாரையும் தேடிப் போவதில்லை. கையில் ஏற்கெனவே இருக்கும் பட்டியலை எடுத்து, அதில் உள்ள கணக்குகளுக்குப் பணத்தை அனுப்புகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலைகள் எல்லாம் ஊரடங்கு இல்லாத, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில் செய்ய வேண்டியவை. தமிழ்நாட்டில் கூலி வேலைக்குப் புதிதாக வந்தவர்களையும், அக்கம்பக்கத்தினருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கியிருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை: பெயரை ஒழுங்குபடுத்துவது

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக், வாக்காளர் அட்டை நான்கையும் தரையில் பரப்புங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி ஆகிய மூன்றும் நான்கிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. ஒன்றில் முனியம்மாள், இன்னொன்றில் முனியம்மா. தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால் நிற்கும், மற்றொன்றில் பின்னால் நிற்கும். பிறந்த தேதி பெரும்பாலும் ஜனவரி 1 ஆகவோ ஜூன் 1 ஆகவோ இருக்கும். பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி அது. நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். கணினிக்கு முனியம்மாவும் முனியம்மாளும் இரு வேறு பெண்கள்.

முதலில் ஆதாரைத் திருத்துங்கள், மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும். அதே நாளில் இப்போது கையில் இருக்கும் செல்பேசி எண்ணையும் ஆதாரில் சேர்த்துவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் வேறு யாருக்கோ போயிருக்கும். உங்களுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. அவருக்குப் போகும். மகனுடைய எண்ணைக் கொடுத்திருந்தால், அவன் கோயம்புத்தூரில் இருக்கும்போது நீங்கள் இங்கே இ-சேவை மையத்தில் நின்றுகொண்டு அவனுக்கு போன் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

ரேஷன் அட்டை: எந்த வகை என்று பார்த்தீர்களா?

ஸ்மார்ட் கார்டில் படத்துக்குப் பக்கத்தில் சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பி.எச்.எச். என்றால் முன்னுரிமை உள்ள குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிக ஏழ்மையான குடும்பம். என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாதது, ஆனாலும் அரிசி உண்டு. அதன் பின்னால் எஸ். இருந்தால் சர்க்கரை அட்டை, என்.சி. இருந்தால் எந்தப் பொருளும் கிடையாது.

இந்த எழுத்துகளின் விலை என்ன என்பது தொற்றுக் காலத்தில் தெரிந்தது. 2020-இல் வந்த 1,000 ரூபாயும், 2021-இல் புதிய அரசு மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாகக் கொடுத்த 4,000 ரூபாயும், 14 மளிகைப் பொருள்கள் கொண்ட பையும் அரிசி அட்டைக்குத்தான். ‘நாங்கள் ரேஷன் அரிசி சாப்பிடுவதில்லை’ என்று ஒரு காலத்தில் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொண்ட குடும்பங்கள், வேலை போன பிறகு அந்தக் கௌரவத்தை நினைத்து வருந்தியதை நேரில் பார்த்திருக்கிறேன். மத்திய அரசு 2020 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை, இடையில் ஐந்து மாதம் தவிர, ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் தானியம் ஒதுக்கியதோ முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளின் கணக்கில்தான்.

அட்டையில் செய்ய வேண்டியவை இவை. திருமணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள் பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புது அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஒரே ஆதார் எண் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது என்பதால் நீக்கல்தான் முதல் படி. பிறந்த குழந்தையைச் சேருங்கள். முன்னுரிமை அட்டையில் ஒவ்வொரு தலைக்கும் கணக்கு உண்டு. முன்னுரிமை அட்டை வைத்திருப்பவர்கள் எல்லா உறுப்பினரின் விரல் ரேகையையும் ரேஷன் கடைக் கருவியில் ஒருமுறை சரிபார்த்து முடித்துவிடுங்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் தொட்டுத் தொட்டு ரேகை தேய்ந்தவர்களுக்கு அந்தக் கருவி லேசில் ஒத்துழைக்காது. பத்து விரலையும் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் ஆகாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம். ரேஷன் பிரச்சினை எதுவானாலும் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

வெளியூரில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1 அன்று சேர்ந்தது. திருவண்ணாமலை அட்டையைக் கொண்டு திருப்பூரில் பொருள் வாங்கலாம். பீகாரிலிருந்து வந்த தொழிலாளி தன் ஊர் அட்டை எண்ணையும் விரல் ரேகையையும் கொடுத்து இங்கே தன் பங்குத் தானியத்தை வாங்கலாம்; மீதிப் பங்கை ஊரில் இருக்கும் குடும்பம் வாங்கிக்கொள்ளும். ஆனால் மாநிலம் கடந்து செல்லும் உரிமை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளுக்கு மட்டும்தான். என்.பி.எச்.எச். அட்டையோடு பெங்களூரு போனால் அங்கே பொருள் வாங்க முடியாது. இந்த ஒரு வரியை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நல வாரியம்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

அமைப்பு சாராத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் அளவுக்கு நல வாரியங்கள் வேறு மாநிலங்களில் அரிது. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொன்றாக முளைத்தவை. கட்டுமான வாரியம் 1994-இல் வந்தது. தையல், சலவை, முடிதிருத்துதல், மண்பாண்டம், பொற்கொல்லர், பனைமரம், கைத்தறி, விசைத்தறி, வீட்டு வேலை, சமையல், சாலையோர வணிகம், ஆட்டோ என்று பட்டியல் நீளும். உணவு, பொருள் கொண்டு சேர்க்கும் செயலித் தொழிலாளர்களுக்கான வாரியம் 2023-இல் சேர்ந்தது. 2020-இல் கட்டுமானத்துக்கும் ஆட்டோவுக்கும் தொடங்கிய 1,000 ரூபாய் பிறகு மற்ற வாரியங்களுக்கும் விரிந்தது.

வயது 18 முதல் 60 வரை. ஒருவர் ஒரு வாரியத்தில்தான் இருக்க முடியும். ஆகவே வருடத்தில் அதிக நாள் செய்யும் வேலை எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். காலையில் வீட்டு வேலை, மாலையில் இட்லிக் கடை என்று இருப்பவர்களுக்கு இதுதான் குழப்பம். இரண்டு வாரியங்களின் உதவிப் பட்டியலையும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

2020 முதல் பதிவு இணையத்தில் நடக்கிறது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், புகைப்படம், வயதுச் சான்று ஆகியவற்றோடு பணிச்சான்றும் வேண்டும். ஆள்கள் தடுக்கி விழுவது இந்தப் பணிச்சான்றில்தான். நீங்கள் இந்தத் தொழில் செய்கிறீர்கள் என்று வேலை கொடுப்பவரோ, பதிவுபெற்ற தொழிற்சங்கமோ, கிராம நிர்வாக அலுவலரோ எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் வாரியத்தில் யாருடைய கையெழுத்து செல்லும் என்பதைத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த அலுவலகம் உண்டு. பெயரில் ‘சமூகப் பாதுகாப்புத் திட்டம்’ என்ற சொல் முக்கியம். வெறும் தொழிலாளர் அலுவலகம் என்று விசாரித்தால் வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், எனக்கு நடந்திருக்கிறது.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. இ-சேவை மையத்தில் ஏற்றிக் கொடுப்பவருக்குக் கூலி கொடுப்பது நியாயம். ‘அட்டை வாங்கித் தருகிறேன், ஆயிரம் கொடு’ என்பவரிடம் கொடுப்பது நியாயமில்லை. விண்ணப்ப எண் எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மையத்தை விட்டு வெளியே வராதீர்கள். விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பினால் காரணம் அந்த எண்ணில்தான் தெரியும். படம் மங்கல், சான்றில் தேதி இல்லை என்பன போன்ற ஒரு வரிக் காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். திருத்தி மறுபடி அனுப்பலாம்.

பதிவு ஐந்து ஆண்டுதான். பிறகு புதுப்பிக்க வேண்டும். யாரும் நினைவூட்டல் கடிதம் போட மாட்டார்கள்.

வாரியம் பேரிடருக்காக மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து, மரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கும் உதவி உண்டு. பத்தாவது படிக்கும் மகளுக்கான கல்வி உதவியைக் கேட்கப் போகும் சாக்கில் பதிவு செய்யுங்கள் என்றால் ஆள்கள் வருகிறார்கள். பெருந்தொற்று மறுபடி வரலாம் என்று சொன்னால் ‘வாயைக் கழுவு’ என்கிறார்கள்.

பணம் எந்தக் கணக்கில் விழும்?

ஒருவருக்கு மூன்று வங்கிக் கணக்குகள் இருக்கின்றன, மூன்றிலும் ஆதார் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். ஆதார் வழியாக அரசு அனுப்பும் மானியம் கடைசியாக எந்தக் கணக்கை அதற்கென இணைத்தாரோ அதில்தான் விழும். ஆதார் நகலை வங்கியில் கொடுப்பது வேறு, மானியம் பெறும் கணக்காக இணைப்பது வேறு. ஆதார் இணையதளத்தில் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். அந்தக் கணக்கில் வருடத்துக்கு இரண்டு முறையாவது நூறு ரூபாய் போட்டு எடுங்கள், முடங்காமல் இருக்கும். 2020 ஏப்ரல் 1 அன்று பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றாக இணைந்தன. பழைய பாஸ்புக் வைத்திருப்பவர்கள் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் மாறியிருக்கிறதா என்று பார்த்து, வாரியப் பதிவிலும் மாற்றுங்கள்.

ஜன் தன் கணக்கு பற்றி ஒரு சொல். 2020-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய் பெண்களின் ஜன் தன் கணக்குகளுக்கு மட்டும் வந்தது. இருப்புத் தொகை தேவையில்லாத வேறு கணக்கு வைத்திருந்த பெண்கள் தங்களுடையதும் ஜன் தன் என்று நினைத்து வெயிலில் வரிசையில் நின்றார்கள். எடுக்காவிட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற வதந்தி வேறு. அப்படி எதுவும் இல்லை. கணக்கில் விழுந்த பணம் உங்களுடையதுதான்.

இ-ஷ்ரம்

புலம்பெயர் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று கடுமையாகப் பேசிய பிறகு, அந்த ஆகஸ்ட் 26 அன்று, அமைப்பு சாராத் தொழிலாளர்கள் பதிவு செய்வதற்கான இந்த மத்திய அரசு இணையத் தளம் திறந்தது. 16 முதல் 59 வயதுக்குள் இருப்பவர்கள், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லாதவர்கள் பதியலாம். பத்து நிமிட வேலை. 12 இலக்க எண் கிடைக்கும். உடனே பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த முறை மத்திய அரசு ஒரு பட்டியலைத் தேடினால் இது கையில் கிடைக்கும் என்பதற்காகச் செய்துவைக்கும் வேலை. வாரியப் பதிவுக்கு இது மாற்று இல்லை, இரண்டும் வேண்டும்.

கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு

சம்பளத்தில் பி.எஃப். பிடித்தால் யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணைக் கேட்டு வாங்கி, நீங்களே கணக்கைத் திறந்து பாருங்கள். ஆதார், வங்கிக் கணக்கு ஏறியிருக்க வேண்டும். வாரிசு நியமனம் இணையத்தில் போட்டிருக்க வேண்டும். பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் பி.எஃப். காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதற்காகத் தொழிலாளியிடம் தனியே எதுவும் பிடிப்பதில்லை. இரண்டாம் அலையில் இறந்த பலரின் குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

2020-இல் மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அதை பி.எஃப்.பிலிருந்து எடுக்க அனுமதித்தார்கள். அதையும் நிவாரணத் தொகுப்பில் சேர்த்து எண்ணியதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. உங்கள் வயதான காலத்துப் பணத்தை இன்றைக்கே எடுத்துச் செலவழியுங்கள் என்பதற்குப் பெயர் உதவியா? வேறு வழியே இல்லாதபோது மட்டும் கை வையுங்கள்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் வேலை போனால் கிளை அலுவலகத்தில் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண்’ திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வேலையிழந்தவருக்கு 90 நாள் வரை உதவித்தொகை தருவது அது. தொற்றுக் காலத்தில் சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்ததை 50 ஆக்கினார்கள். பெயரைச் சொல்லாமல் ‘வேலை போய்விட்டது, ஏதாவது உண்டா’ என்று கேட்டால் பதில் வருவது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

முதியவர், கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி

2020-இல் மத்திய அரசு இவர்களுக்கு இரண்டு தவணையாக 1,000 ரூபாய் கொடுத்தது, ஆனால் மத்திய ஓய்வூதியத் திட்டப் பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் மாற்றுத்திறனாளி என்றால் 80 விழுக்காடு குறைபாடு வேண்டும், கைம்பெண் என்றால் 40 வயது தாண்டியிருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்குத் தனியாக 1,000 ரூபாய் கொடுத்தது. அட்டை இல்லாத வீட்டில் பிள்ளை படுத்த படுக்கையாக இருந்தாலும் கணக்கில் வரவில்லை.

எனவே வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் அரசு மருத்துவமனைச் சான்றையும் தனித்துவ அடையாள அட்டையையும் முதலில் வாங்குங்கள். ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் விசாரணை வரும். விசாரணைக்கு வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இல்லாமல் தள்ளுபடியான மனுக்கள் ஏராளம். தனியாக வாழும் முதியவர்களுக்கு 14567 என்ற எண் இருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

அறிவிப்பு வந்த அன்று

தொலைக்காட்சிச் செய்தியை வைத்து ஓடாதீர்கள். நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்: எந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு, எந்தத் தேதி வரை பட்டியலில் சேர்ந்தவர்களுக்கு, கையிலா கணக்கிலா, கடைசி நாள் எது. ரேஷன் கடை வழியாக என்றால் டோக்கன் வீட்டுக்கு வரும், அதில் உள்ள நாள், நேரத்தில் போனால் போதும்.

ஐந்தாவது கேள்வி ஒன்றும் உண்டு, இது உதவியா கடனா? 2020 ஜூன் 1 அன்று தொடங்கிய பி.எம். ஸ்வநிதியில் சாலையோர வணிகருக்கு முதலில் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். ‘மோடி பணம்’ என்று வாங்கியவர்கள் பிறகு தவணை கட்ட அழைப்பு வந்தபோது திகைத்தார்கள். அது கடன். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 விழுக்காடு மானியம் திரும்பக் கிடைக்கும், அடுத்த கடன் பெரிதாகும். நல்ல திட்டம்தான், ஆனால் கடன். அதைப் பெறவும் மாநகராட்சியோ நகராட்சியோ கொடுத்த வணிகர் அடையாள அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அதேபோல் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணைத் தள்ளிவைப்பில் அசல் அப்படியே நின்றது, வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கட்ட முடிந்தவர்கள் கட்டியிருந்தால் லாபம். மகளிர் குழுக் கடன் வாங்கியவர்களிடம் இதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

வீட்டில் சாவு விழுந்தால்

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உறுதிசெய்தது. இறப்புச் சான்றில் கொரோனா என்று எழுதவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் பரிசோதனை முடிவையோ மருத்துவமனைச் சீட்டையோ காட்ட முடிந்தவர்களுக்குத்தான் அந்தத் தீர்ப்பு பயன்பட்டது. துக்கத்தில் பையோடு எல்லாவற்றையும் எரித்துவிட்டவர்கள் மாவட்டக் குழுவின் முன் வெறுங்கையோடு நின்றார்கள். விண்ணப்பிக்கக் காலக்கெடுவும் பின்னால் வந்தது. ஆகவே மருத்துவமனையில் சேர்த்த நாள் முதல் ஒவ்வொரு காகிதத்தையும் செல்பேசியில் படம் எடுத்து உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருந்தால் 1098-க்குச் சொல்லுங்கள். இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் தமிழ்நாடு அரசு அப்போது 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்தது.

மறுத்தால்

வாய்வார்த்தையாக ‘உங்களுக்கு இல்லை’ என்பது பதில் அல்ல. எழுத்தில் மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள். அங்கே போக முடியாதவர்கள் முதல்வரின் முகவரித் துறையை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. மனுவில் கோபத்தை எழுதாதீர்கள். அட்டை எண், பதிவு எண், தேதி, அரசு அறிவிப்பின் பெயர் இவற்றை எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். நகலில் முத்திரை வாங்குங்கள்.

எங்கள் தெரு அக்கா அந்த 1,000 ரூபாய்க்காக மனு கொடுத்தார். கணக்கு மாற்றிப் பணம் வந்து சேர்ந்தபோது அவர் மேஸ்திரியிடம் வாங்கிய கைமாற்று அதைவிடப் பெரிதாகியிருந்தது. இப்போது அவர் வீட்டு நாள்காட்டியில், பால் கணக்குக்கும் சீட்டுத் தவணைக்கும் நடுவில், வாரியம் புதுப்பிக்க வேண்டிய தேதி சிவப்பு மையில் இருக்கிறது. ஜனவரியில் புது நாள்காட்டி மாட்டும்போது முதலில் அதைத்தான் பார்த்து எழுதுகிறார்.